அகச்சிவப்பு ஒளிக்கருவிகளில் பல்லுறுப்பிகள் – ஒரு வரலாறு

அகச்சிவப்புக் கதிர்களைக் குவிக்கும் வில்லைகள், அவற்றை உள்ளே விடும் சாளரங்கள், வேண்டாத கதிர்களைத் தடுக்கும் வடிகட்டிகள் ஆகியவை நெடுங்காலம் உப்புப் படிகங்களாலும், பின்னர் ஜெர்மானியம் போன்ற விலையுயர்ந்த பொருள்களாலும் செய்யப்பட்டன. இன்று அவற்றுள் ஒரு பெரும்பகுதி பல்லுறுப்பிகளால், அதாவது நாம் பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்லும் பொருள்களால் ஆனவை. ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் விளக்கின் முகப்பில் உள்ள பால்வெள்ளைக் குமிழ் அவற்றுள் ஒன்று. மளிகைக் கடைப் பையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் ஒளியியலுக்குள் எப்படி நுழைந்தது, எங்கே வெற்றி பெற்றது, எங்கே இன்னும் வாசலில் நிற்கிறது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். "கண்ணாடி ஒளி ஊடுருவும் பொருள், கறுப்புப் பை ஒளி ஊடுருவாப் பொருள்" என்று பல ஆண்டுகள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். கொரோனாக் காலத்தில் காய்ச்சல் பார்க்க வைத்திருந்த வெப்பப் படக்கருவி ஒன்றின் திரையைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அதில் என் மூக்குக் கண்ணாடி இரண்டு கரிய வட்டங்களாகத் தெரிந்தது. கண்கள் தெரியவே இல்லை. குப்பைக்குப் பயன்படும் மெல்லிய கறுப்புப் பைக்குள் கையை விட்டபோது ஐந்து விரல்களும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணாடி மறைக்கிறது, கறுப்புப் பை காட்டுகிறது! எந்த அலைநீளத்தில் என்று சொல்லாமல் 'ஒளி ஊடுருவும்' என்று சொல்வது அரைகுறைப் பேச்சு என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

உப்பின் காலம்

1800-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் மேலே ஏறியது. அகச்சிவப்புக் கதிர்களின் கண்டுபிடிப்பு அதுதான். ஆனால் அவருடைய முப்பட்டகம் கண்ணாடியால் ஆனது. சிவப்பை ஒட்டிய அண்மை அகச்சிவப்பைக் கண்ணாடி விடும். அலைநீளம் சில மைக்ரோமீட்டரைத் தாண்டினால் விழுங்கிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனித உடலிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர்கள் 9 அல்லது 10 மைக்ரோமீட்டர் அளவில்தான் மிகுதி. அங்கே கண்ணாடி ஒரு சுவர்.

இந்தச் சுவரைத் தாண்ட வழி காட்டியவர் இத்தாலியரான மாசிடோனியோ மெல்லோனி. 1830-களில் அவர் பல்வேறு பொருள்களின் வழியே வெப்பக் கதிர்களைச் செலுத்திப் பார்த்து, பாறை உப்பு ஏறத்தாழ எல்லாவற்றையும் ஊடுருவ விடுகிறது என்று கண்டார். நாம் சமையலில் போடும் அதே சோடியம் குளோரைடு, பெரிய தெளிந்த படிகமாக. அதன்பின் நூறாண்டுக்கு மேல் அகச்சிவப்பு ஆய்வுக்கூடங்களில் உப்பு முப்பட்டகங்களே ஆட்சி செய்தன. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை. ஈரக்காற்று பட்டால் மெருகு மங்கும். மூச்சுக் காற்று படுவதுகூட ஆகாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியம் வந்தது. 1886-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் கிளெமென்ஸ் விங்க்ளர் கண்டுபிடித்த தனிமம் இது. சாம்பல் நிற உலோகம்போல் பளபளக்கும்; கண்ணுக்கு ஒரு துளி ஒளியும் விடாது. ஆனால் 2 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை நன்றாக ஊடுருவ விடும். ஒளிவிலகல் எண் 4 என்பதால் சற்றே வளைந்த வில்லையே போதும். அதே காரணத்தால் ஒவ்வொரு பரப்பிலும் 36 விழுக்காடு ஒளி திரும்பிவிடும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு கட்டாயம். கனமானது, சூடேறினால் ஒளிபுகாத் தன்மை கூடும், ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியே கடைந்து மெருகேற்ற வேண்டும். துத்தநாகச் சுத்திகரிப்பின் உப பொருளாகவே பெரும்பாலும் கிடைப்பதால் விலையும் அதிகம்.

பிளாஸ்டிக் ஏன் எளிதில் ஒத்துவரவில்லை

வார்த்து எடுக்கலாம், எடை குறைவு, ஈரத்துக்குக் கரையாது, விலை மலிவு. இத்தனை நற்குணங்கள் இருந்தும் பிளாஸ்டிக் நேராக இந்த இடத்துக்கு வந்துவிட முடியவில்லை. காரணம் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது.

அமெரிக்கரான வில்லியம் கோப்ளென்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகளைப் பொறுமையாக அளந்து 1905-இல் வெளியிட்டார். ஒரே வகை அணுக்கூட்டம் எந்தச் சேர்மத்தில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே அலைநீளத்தில் கதிரை உட்கவர்வதை அவருடைய அளவீடுகள் காட்டின. கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த இடமெல்லாம் 3.4 மைக்ரோமீட்டர் அருகே ஒரு பள்ளம் விழுந்தது.

மூலக்கூறில் அணுக்கள் சுருள்வில்லால் பிணைத்த குண்டுகளைப் போன்றவை. ஒவ்வொரு பிணைப்புக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண்ணில் வரும் கதிரை, அதிரும்போது மின்சுமை இடம் மாறும் பிணைப்பு பிடித்துக்கொள்ளும். கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு இதில் பெரும் பசிக்காரன். சரியாக 8 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதியில் வாய் திறந்து நிற்பான். அக்ரிலிக், பாலிகார்பனேட், பாலியெஸ்டர் எல்லாவற்றிலும் ஆக்சிஜன் உண்டு. ஆகவே கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரியும் அக்ரிலிக் தகடு, வெப்பப் படக்கருவிக்குக் கரும்பலகை. பாலிஸ்டைரீனில் கூர்மையான உட்கவர் கோடுகள் மிகப் பல. அதையே நன்மையாக்கி, அகச்சிவப்பு நிறமாலைமானியின் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க பாலிஸ்டைரீன் மென்தகட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அண்மை அகச்சிவப்பில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பல்லுறுப்பிகள் முன்னரே இடம் பிடித்துவிட்டன. ஒளிப்படக்காரர்கள் பயன்படுத்திய ராட்டன் வடிகட்டிகள், சாயமேற்றிய ஜெலட்டின் தாள்கள். ஜெலட்டின் இயற்கையான ஒரு பல்லுறுப்பி. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையில் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் மூடியும் அதே வழியில் வந்தது. இக்கட்டுரையின் உண்மையான கதை 10 மைக்ரோமீட்டர் பக்கத்தில் நடக்கிறது.

பாலித்தீன் வந்த வழி

1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுக்கூடத்தில் ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் மிகுந்த அழுத்தத்தில் வினைபுரியச் செய்து பார்த்தனர். வார இறுதி கழிந்து திறந்தபோது கலத்தில் மெழுகுபோன்ற ஒரு வெண்பொருள் ஒட்டியிருந்தது. அரை கிராம்கூட இல்லை. அதுவே பாலித்தீன். 1935-இல் மைக்கேல் பெரின் குழுவினர் அதை மீண்டும் உருவாக்கிக் காட்டிய பிறகுதான் தயாரிப்பு முறை கைவந்தது. 1939-இல் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. போர் மூண்டதால், ரேடார் கம்பிவடங்களின் மின்காப்புக்கே முதலில் பயன்பட்டது.

ரேடாருக்கு அது பொருந்திய காரணத்தை இங்கே கவனிக்க வேண்டும். பாலித்தீன் மூலக்கூறு வெறும் கார்பன் சங்கிலி. ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன். வேறு எதுவும் இல்லை. மின்சுமை ஒரு பக்கம் ஒதுங்காத இந்த அமைப்பால் உயர் அதிர்வெண் அலைகளை அது மிகச் சிறிதளவே விழுங்குகிறது. வெப்பக் கதிர்களை விடுவதற்கும் அந்த அமைப்பே துணை. நடுத்தர அகச்சிவப்பில் பாலித்தீனுக்கு முக்கியமான உட்கவர் இடங்கள் மூன்றுதான்: 3.4, 6.8, 13.8 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதிகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே, 8 முதல் 13 வரை, கதவு ஏறக்குறைய முழுவதும் திறந்திருக்கிறது. காற்றுமண்டலமும் அதே 8 முதல் 13 வரையில்தான் வெப்பக் கதிர்களுக்கு வழிவிடுகிறது. மனித உடல் கதிர்வீசுவதும் பெரும்பாலும் அங்கேதான். இந்த மூன்றும் ஒன்றாக அமைந்தது நம் நல்லகாலம். அன்று கிப்சனுக்கோ ஃபாசெட்டுக்கோ ஒளியியல் பற்றிய எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது.

வானிலை அறிஞர்களும் தொலை அகச்சிவப்பும்

பாலித்தீனின் இக்குணத்தை நல்ல முறையில் பயன்படுத்தியவர்களுள் வானிலை அறிஞர்கள் முக்கியமானவர்கள். நிலத்துக்கு வரும் கதிர்வீச்சுக்கும் நிலத்திலிருந்து போகும் கதிர்வீச்சுக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க ஒரு கரிய தகடு போதும். ஆனால் காற்று அதைக் குளிர்வித்துக் கணக்கைக் கெடுக்கும். காற்றைத் தடுக்கவும் வேண்டும், வெயிலையும் 10 மைக்ரோமீட்டர் கதிரையும் விடவும் வேண்டும். கண்ணாடிக் கவிகை இரண்டாவதைச் செய்யாது. 1958-இல் அமெரிக்காவின் வெர்னர் சுவோமியும் பீட்டர் குனும் பாலித்தீன் தாள் மூடிய எளிய கதிர்வீச்சுமானி ஒன்றை விவரித்தனர். மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஃபங்க் என்பவர் பாலித்தீன் அரைக்கோளக் கவிகைகள் கொண்ட கருவியை வெளியிட்டார். மெல்லிய கவிகை சுருங்கிவிடாமல் இருக்க உள்ளே உலர்ந்த வாயுவைச் செலுத்தி உப்பியபடி வைத்திருந்தனர். வெயிலில் காய்ந்து கவிகை மங்கும். அவ்வப்போது மாற்ற வேண்டும். விலை மலிவு என்பதால் அது பெரிய குறையாகப் படவில்லை.

அதே காலத்தில், அலைநீளம் சில பத்து மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட தொலை அகச்சிவப்பிலும் பிளாஸ்டிக் நுழைந்தது. அங்கே உப்பும் கைவிடும். பாலித்தீன் சாளரங்களும், நீட்டிப் பிடித்த பாலியெஸ்டர் மென்தகட்டாலான கதிர்ப்பிரிப்பான்களும் ஆய்வுக்கூடங்களில் வழக்கமாயின. நிறமாலைமானிகளில் மைலார் என்ற பெயர் இன்றும் புழங்குகிறது. 1960-இல் பேர்ட், பேரிஷ் என்ற இருவர் பிளாஸ்டிக்கில் வார்த்த நுண்கோட்டுத் தளத்தின் மீது தங்கத்தைச் சாய்வாகப் படியவைத்து, அகச்சிவப்பை முனைவாக்கும் கம்பி வலையைச் செய்து காட்டினர். பின்னர் வந்த பாலிமெத்தில்பென்டீன், கண்ணுக்கும் தொலை அகச்சிவப்புக்கும் ஒருசேரத் தெளிவாக இருப்பதால், கருவியைக் கண்ணால் பார்த்துச் சீரமைக்க வசதியான வில்லைப் பொருளாயிற்று.

கலங்கரை விளக்கிலிருந்து வீட்டு வாசலுக்கு

பாலித்தீன் சுத்தமான பொருளே என்றாலும் தடிமன் கூடினால் அதுவும் கதிரை விழுங்கும். ஒரு சென்டிமீட்டர் தடித்த பாலித்தீன் வில்லை 10 மைக்ரோமீட்டரில் பெரிதும் பயன்படாது. ஒளிவிலகல் எண்ணும் 1.5 மட்டுமே, எனவே நன்றாக வளைந்த, நடுவில் தடித்த வில்லைதான் வேண்டியிருக்கும். இந்த முரணைத் தீர்த்தது நூற்றைம்பது ஆண்டு முந்தைய ஒரு யோசனை.

பிரெஞ்சு அறிஞர் ஆகுஸ்தின் ஃபிரெனெல் கலங்கரை விளக்குகளுக்காக ஒரு புதிய வில்லையை அமைத்தார். வில்லையில் ஒளியை வளைப்பது பரப்பின் சாய்வுதானே தவிர, உள்ளே அடைந்திருக்கும் பருமன் அல்ல. எனவே உட்பருமனை நீக்கிவிட்டு, சாய்வுகளை மட்டும் வளைய வளையமாக அடுக்கினார். அவருடைய வில்லை 1823-இல் பிரான்சின் கோர்டுவான் கலங்கரை விளக்கில் ஏற்றப்பட்டது. கண்ணாடியின் எடையைக் குறைக்க வந்த அந்த அமைப்பு, பாலித்தீனின் தடிமனைக் குறைக்கப் பிற்காலத்தில் கைகொடுத்தது. 1953-இல் கார்ல் சீக்லர் கண்ட வினையூக்கியால் விறைப்பான, அடர்த்தி மிக்க பாலித்தீன் கிடைத்தது. அதை நுண்ணிய வளையப் பள்ளங்கள் கொண்ட அச்சில் அழுத்தினால் அரை மில்லிமீட்டர் அளவே தடித்த வில்லை தயார்.

இதற்குத் தக்க உணரியும் வந்தது. வெப்பம் மாறினால் மின்சுமை காட்டும் படிகங்களுக்குப் பைரோமின் படிகங்கள் என்று பெயர். அத்தகைய உணரியில் பக்கத்துப் பக்கத்தில் இரு துண்டுகளை எதிரெதிராக இணைத்திருப்பார்கள். அறை முழுவதும் சூடேறினால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று மாறி மாறித் தூண்டப்படும், அதுவே அடையாளம். முன்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஒரே வில்லை அல்ல, பல சிறு ஃபிரெனெல் வில்லைகளின் தொகுப்பு. ஒவ்வொன்றும் அறையின் ஒரு கீற்றை உணரியின் மீது விழச் செய்கிறது. ஆள் ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்கு நகரும்போதெல்லாம் உணரியில் ஒரு துடிப்பு. தொடக்ககாலக் கருவிகளில் இந்த வேலையைப் பல முகம் கொண்ட உலோகப் பூச்சு ஆடிகள் செய்தன. மலிவான பிளாஸ்டிக் வில்லை வந்த பிறகு அவற்றின் இடம் சுருங்கிவிட்டது.

வில்லையின் வழியே நம்மால் ஏன் பார்க்க முடியவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பாலித்தீனுக்குள் சங்கிலிகள் ஒழுங்காக மடிந்த நுண்படிகங்களும் ஒழுங்கற்ற பகுதிகளும் கலந்து கிடக்கின்றன. இந்தக் கலவையின் அளவுகள் அரை மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கண்ணொளியைச் சிதறடிக்கப் போதுமானவை. இருபது மடங்கு நீண்ட வெப்பக் கதிருக்கு அவை பொருட்டே அல்ல. சாலையின் சிறு கற்கள் எறும்புக்கு மலை, மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு ஒன்றுமில்லை என்பதுபோல. கறுப்புப் பையிலும் இதே கதைதான்: நிறமிக்காகச் சேர்த்த கரித்தூள் கண்ணொளியை நன்றாக விழுங்கிவிடுகிறது, ஆனால் அவ்வளவு மெல்லிய தாளில் உள்ள சிறிதளவு தூள் 10 மைக்ரோமீட்டர் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

இந்தச் சிதறல் குணத்தையே பின்னாளில் வேண்டுமென்றே பயன்படுத்தினர். 2016-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் யீ சூய் குழுவினர் நுண்துளைகள் கொண்ட பாலித்தீனால் ஒரு துணியை விவரித்தனர். துளைகள் கண்ணொளியைச் சிதறடித்து உடலை மறைக்கும். உடல் வெப்பமோ துணியை ஊடுருவி வெளியேறும். அதற்கு இரண்டு ஆண்டு முன், அதே பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் முதலியோர், நேர் வெயிலிலேயே சுற்றுக்காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி செல்சியசு குளிர்ந்து நின்ற ஒரு பரப்பைச் செய்து காட்டியபோது, அதன் மேல் காற்றுத் தடுப்பாக விரித்திருந்தது சாதாரண பாலித்தீன் தாள்தான். ஃபங்கின் கவிகையைப் படித்தவர்களுக்கு அது பழகிய முகம்.

கந்தகத்தின் முறை

ஆள் இருக்கிறாரா என்று அறிவது வேறு, அவர் முகத்தைப் படமாகத் தீட்டுவது வேறு. படத்துக்குத் தெளிவான, தடித்த, ஒளிவிலகல் எண் மிகுந்த வில்லை வேண்டும். பாலித்தீன் வார்ப்பில் சுருங்கும், மென்மையானது, விலகல் எண்ணும் குறைவு. எனவே வெப்பப் படக்கருவிகளின் முகப்பில் ஜெர்மானியமும், 1950-களிலிருந்து வளர்ந்த ஆர்செனிக், செலினியம் கலந்த சால்கோஜெனைடுக் கண்ணாடிகளுமே நின்றன.

இங்கே புது வழி திறந்தது 2013-இல். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பியூன், தென்கொரியாவின் கூக்ஹியோன் சார் முதலியோர் தலைகீழ் வல்கனாக்கம் என்ற முறையை வெளியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் குட்இயர் செய்தது, ரப்பரில் சிறிது கந்தகம் சேர்த்து இறுக்கியது. இவர்கள் செய்தது அதன் மறுபுறம்: பெரும்பகுதி கந்தகம், அதைப் பிணைக்கச் சிறிது கரிமப் பொருள். கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாக இருக்கும். உருக்கி ஏறத்தாழ 160 டிகிரியைத் தாண்டினால் வளையங்கள் உடைந்து நீண்ட சங்கிலிகளாகும். ஆறினால் மீண்டும் வளையமாகிவிடும். சங்கிலிகளாக இருக்கும்போதே இரட்டைப் பிணைப்புள்ள ஒரு கரிம மூலக்கூறைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், ஆறிய பின்னும் பிளாஸ்டிக்காகவே நிலைக்கும்.

ஒளியியலுக்கு இது ஏன் முக்கியம்? கந்தக–கந்தகப் பிணைப்பில் இரு பக்கமும் ஒரே அணு. அதிர்ந்தாலும் மின்சுமை அதிகம் நகராது. அணுக்கள் கனமானவை என்பதால் அந்த அதிர்வும் 20 மைக்ரோமீட்டர் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கந்தகம் மிகுந்ததால் ஒளிவிலகல் எண்ணும் 1.8-ஐ ஒட்டி உயர்கிறது. 2014-இல் இதே குழுவினர் ராபர்ட் நார்வுட் உள்ளிட்ட ஒளியியலாளர்களுடன் சேர்ந்து இதனை அகச்சிவப்பு ஒளியியல் பொருளாக முன்வைத்தனர். கீறல் விழுந்த பரப்பைச் சூடேற்றினால் பிணைப்புகள் மாறி அமைந்து கீறல் மறைவதையும் அடுத்த ஆண்டு காட்டினர். செலினியம் சேர்த்தபோது விலகல் எண் 2-ஐத் தாண்டியது. மூலப்பொருளுக்குப் பஞ்சமும் இல்லை. பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது வெளியேறும் கந்தகம் உலகெங்கும் மஞ்சள் குன்றுகளாகக் குவிகிறது.

ஆனால் முடிச்சுப் போட வந்த கரிமப் பொருளில் கார்பனும் ஹைட்ரஜனும் உண்டே! 3 முதல் 5 மைக்ரோமீட்டர் பகுதியில் அதைச் சமாளிக்கலாம். 8 முதல் 13 வரையில், பிணைப்பானின் பல சிறு அதிர்வுகள் கதவை மறித்தன. எனவே எந்த மூலக்கூறைச் சேர்த்தால் அந்தப் பகுதியில் உட்கவர் கோடுகள் குறையும் என்று முன்கூட்டியே கணினியில் கணக்கிட்டுத் தேடத் தொடங்கினர். சமச்சீர் மிகுந்த, நார்போர்னடையீனிலிருந்து பெறப்பட்ட ஒரு மூலக்கூறு தேறியது. 2019-இல் அது வெளியாயிற்று. கோப்ளென்ட்ஸ் அளந்து எழுதிய அட்டவணையின் வேலை இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது: பொருளைக் கண்டு கோடுகளை அறிவதற்குப் பதிலாக, வேண்டாத கோடுகளை எழுதிவைத்துக்கொண்டு பொருளைத் தேடுகிறார்கள்.

2023 ஆகஸ்டில் ஜெர்மானியத்தின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமக் கட்டுப்பாடு விதித்தது. உலக உற்பத்தியில் பெரும்பங்கு அந்நாட்டுடையது என்பதால், மாற்றுப் பொருள்களைப் பற்றிய பேச்சு ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் எழுந்தது. ஆயினும் தொடக்ககாலக் கந்தகப் பல்லுறுப்பிகள் சில, 50 டிகிரியை எட்டும் முன்பே இளகத் தொடங்குபவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். இளகும் வெப்பநிலையை உயர்த்தினால் பிணைப்பானைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பிணைப்பானைக் கூட்டினால் ஹைட்ரஜன் கூடுகிறது. இந்த இழுபறியில்தான் ஆய்வு இப்போது நிற்கிறது.

பழுதான நடமாட்ட உணரி விளக்கு கையில் கிடைத்தால் மாணவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். மின்னிணைப்பை முற்றிலும் நீக்கிய பிறகு, வெள்ளைக் குமிழைக் கழற்றி உட்புறத்தை விரல் நகத்தால் தடவிப் பார்க்கலாம். பள்ளங்கள் உள்பக்கம்தான் இருக்கும். வெளியே இருந்தால் தூசு அடைந்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வளையங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.